செவுள்ல ஒரு கோளாறு!

"செவுள்ல ஒண்ணு வெச்சேன்னு வெய்யி..." என்று மெட்ராஸில் யாராவது கை ஓங்கினால், எதிராளி அனிச்சையாகக் கன்னத்தைப் பொத்திக்கொள்வார். மனுஷனுக்கு ஏது சார் செவுள்? அது மீனுடைய சொத்து. தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிற சிவப்புச் சமாசாரம். நாம்தான் அதை இரவல் வாங்கி அடிதடிக்கு உபயோகித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்குச் செவுளை அறிமுகப்படுத்தியவர் என் அத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர்கூடையை என் கையில் மாட்டி, சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். "கண்ணு பளிச்சுனு இருக்கான்னு பாருடா. அப்புறம் செவுளைத் தூக்கிப் பாரு. செக்கச்செவேல்னு இருந்தா வாங்கு. வெளுத்திருந்தா நடையைக் கட்டு!"

மீன்கார அம்மா விடமாட்டார். "ஏன் யக்கா, பொண்ணு பாக்க வந்தாமாரி இப்டிப் புரட்டிப் புரட்டிப் பாக்குற?"

"பொண்ணு பாக்கும்போது இவ்ளோ பாக்கலையே... அதான் எங்கண்ணன் இன்னிக்குக் கஷ்டப்படுறான்!"

எங்கண்ணன் என்றால் என் அப்பா. சரி, விடுங்கள்.

செவுளில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அத்தை சொன்னது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உறைத்தது பின்னால், வேலை கிடைத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேராகக் குடியிருந்தபோது. அறை நண்பன் ஒருவன் திடீரென்று ரசனை வந்து, கொளத்தூரிலிருந்து கண்ணாடித் தொட்டியும் எட்டு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வந்துவிட்டான். பத்து லிட்டர்கூடப் பிடிக்காத தொட்டி. அதில் எட்டு மீன். எங்கள் அறையின் ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தால் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை!

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. மூன்று பேரும் ஊருக்குக் கிளம்பினோம். மீன்கள் பட்டினி கிடக்குமே என்ற நல்லெண்ணத்தில், நான்தான் நாலு நாள் தீனியையும் ஒரே தவணையில் கொட்டிவிட்டு, பெருமையோடு கதவைப் பூட்டினேன்.

திரும்பி வந்தபோது தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது. ஐந்து மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீதி மூன்று, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து, செவுள்மூடி விரியத் திறந்து, 'ஹா... ஹா...' என்று இழுத்துக்கொண்டிருந்தன. மாடிப்படி ஏறி வந்த ஆஸ்துமாக்காரர் மாதிரி. சாயந்தரத்துக்குள் அவையும் போய்விட்டன.

மறுநாள் ஆபீசில் புலம்பினேன். எங்கள் செக்ஷன் சீனியர் ஒருவர், லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "பட்டினி போட்டிருந்தா பொழைச்சிருக்கும்யா. சோறு போட்டுக் கொன்னுட்டே."

அந்த வாக்கியம் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. மீன் வளர்ப்பு பற்றி எங்கே எது கிடைத்தாலும் படிக்கிற பழக்கம் அப்போது தொற்றியது. அப்படித்தான் ஊட்டிக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற டிரவுட் மீனிடம் வந்து சேர்ந்தேன். எங்கள் செக்ஷன் சீனியர் சொன்ன அதே விஷயத்தைக் கனடாவில் விஞ்ஞானிகள் பரிசோதனை வைத்து நிரூபித்திருக்கிறார்கள் என்பதும் அதன் பிறகு தெரிந்தது.

துரை கொண்டுவந்த மீன்

டிரவுட் நம்மூர் மீன் இல்லை. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. உடம்பின் பக்கவாட்டில் ரோஸ் கலர் பட்டை ஓடுகிற ரெயின்போ டிரவுட்டுக்குச் சொந்த ஊர், பசிபிக் கடலோரத்து அமெரிக்க ஆறுகள். ஜில்லென்ற, ஓடுகிற, கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். மாப்பிள்ளை முறுக்கு அதிகம்.

நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு இங்கே எல்லாம் இருந்தது. குளிர் இருந்தது, ரோஜா இருந்தது, நரி வேட்டைக்குப் பதில் குள்ளநரி வேட்டை இருந்தது. தூண்டில் போட டிரவுட் மட்டும் இல்லை! இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஃப்ரான்சிஸ் டே என்ற சென்னை ராணுவ டாக்டர், 1860களில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். உருப்படவில்லை. கடைசியில் எச்.சி. வில்சன் என்பவர் 1907-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி, இலங்கை, நியூசிலாந்து, ஜெர்மனி என்று பல இடங்களிலிருந்து முட்டைகள் வரவழைத்துக் காரியத்தைச் சாதித்தார். காஷ்மீரில் அதற்குச் சில வருஷம் முன்பே, 1900-ல், கம்பளத் தொழில் நடத்திய ஃப்ராங்க் மிட்செல் இதே காரியத்தை ஆரம்பித்திருந்தார்.

துரைமார்கள் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்தது, இன்றைக்கு வடக்கே பலருக்கு வயிற்றுப்பாடு. 1980களில் காஷ்மீரில் கோகர்நாகில் ஐரோப்பிய உதவியோடும், அந்தப் பத்தாண்டுகளின் கடைசியில் ஹிமாசல பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கின் பட்லிகுஹலில் நார்வே உதவியோடும் நவீனப் பண்ணை வளர்ப்பு வந்தது. அதைப் பார்த்து, ஆப்பிள் தோட்டக்காரர்களும் சிறு விவசாயிகளும் ஓடைக்குப் பக்கத்தில் நீளவாக்கில் சிமென்ட் தொட்டி கட்டினார்கள். பதினைந்து, பதினேழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். ஒரு முனையில் ஓடைத் தண்ணீர் உள்ளே வரும், மறுமுனையில் வெளியே போகும். நடுவில் ஆயிரக்கணக்கில் மீன். தட்டுக்கு வருகிற கால் கிலோ எடைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை தீனிச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. பலருக்கு பாங்க் கடனும் உண்டு.

இந்த இடத்தில்தான் செவுள் வருகிறது.

தண்ணீரில் மூச்சு விடுவது சுலபமா?

ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கிறது. நாம் ஓசியில் இழுத்துவிட்டு, அதிலும் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். மீதியை அப்படியே வெளியே விடுகிறோம். பணக்கார ஜாதி!

ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன் வெறும் எட்டு மில்லி. எடைக்கணக்கில் 10 டிகிரி குளிரில் சுமார் 11 மில்லிகிராம். தண்ணீர் 20 டிகிரிக்குச் சூடானால் இதுவும் ஒன்பதாகக் குறையும். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் கழியும். டிரவுட்டுக்கோ ஆறு, ஏழு மில்லிகிராமுக்குக் கீழே போனாலே முகம் சுருங்க ஆரம்பித்துவிடும். மாசக் கடைசியில் பர்ஸில் இருக்கிற காசை வைத்து ஒன்றாம் தேதி வரை ஓட்டுகிறோமே, அந்த மாதிரி வாழ்க்கை அதற்குத் தினமும்.

அதற்கு ஈடுகொடுக்கத்தான் செவுள். மூடியைத் தூக்கினால் பக்கத்துக்கு நாலு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சீப்புப் பல் மாதிரி இரண்டு வரிசை இழைகள். ஒவ்வொரு இழையின் மேலும் கீழும், வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் நூற்றுக்கணக்கில். அந்தத் தகட்டின் தோல் சில மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு திசையில் ஓட, தகட்டுக்குள்ளே ரத்தம் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. இதனால் ரத்தம் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டே முன்னேற, அதைவிடக் கூடுதல் ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரே எப்போதும் அதற்கு எதிர்ப்படும். வழித்துத் துடைத்து 70, 80 சதவிகிதம் வரை எடுத்துவிடும். என்ன என்ஜினீயரிங் பாருங்கள்!

இது மட்டுமில்லை. உடம்பில் சேரும் அம்மோனியாக் கழிவில் பெரும்பகுதி வெளியேறுவது செவுள் வழியாகத்தான். உப்புச் சமநிலையைப் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பெரிய பங்கு. ஆக, நுரையீரல் வேலை, கிட்னி வேலை இரண்டும் ஒரே சீட்டில். எல்லா ஆபீசிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவர் லீவு போட்டால் ஆபீசே நின்றுவிடும். அவர் இருக்கிற சீட்டோ வாசலுக்கு நேரே, வெயிலும் தூசியும் படுகிற இடத்தில் இருக்கும்!

செவுளுக்கும் அதே கதிதான். அவ்வளவு மெல்லிய தோல், நேராகத் தண்ணீரில் நனைந்துகொண்டு இருக்கிறது. தண்ணீரில் வருகிற எதுவும் முதலில் மோதுவது அங்கேதான்.

வரிசையில் நிற்கும் மீன்கள்

பண்ணைக்காரர் காலையில் தீனி வாளியோடு வருகிறார். வழக்கமாக அவர் காலடிச் சத்தம் கேட்டாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் துள்ளும். அன்றைக்குத் தீனி விழுகிறது... ஒன்றும் அசையவில்லை. குஞ்சுகள் எல்லாம் தண்ணீர் உள்ளே விழுகிற முனையில், ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, ரேஷன் கடை க்யூ மாதிரி இடைவெளி விட்டு வரிசையாக நிற்கின்றன. செவுள்மூடி மூடவே இல்லை. உள்ளே செவுள் வீங்கி, கோழை பிடித்திருக்கிறது. கையை நீட்டி நிழல் விழச் செய்தால் சிதறி ஓட வேண்டிய மீன், 'என்னவோ செஞ்சுக்கோ' என்று நிற்கிறது.

இதுதான் பாக்டீரியா செவுள் நோய். பெரும்பாலும் குஞ்சுகளையும் விரல் நீள மீன்களையும்தான் தாக்கும். கவனிக்காமல் விட்டால் சில நாளிலேயே பாதித் தொட்டி காலியாகிவிடும். சில சமயம் அதற்கும் மேலே. விவசாயி கடன் வாங்கி விட்ட குஞ்சுகளை வலையால் அள்ளி அள்ளிக் குழியில் போட வேண்டியதுதான்.

இதை விவரமாக எழுதி வைத்தவர் அமெரிக்க அரசின் மீன்துறையில் இருந்த ஹெச்.எஸ். டேவிஸ். 1926-ல், வெர்மான்ட் மாநிலத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் டிரவுட் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன. செவுளைக் கொஞ்சம் வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மெல்லிய, நீளமான குச்சிக் கிருமிகள் செவுளின் மேல் ஜமக்காள விளிம்புக் குஞ்சம் மாதிரி அப்பிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கிருமி உள்ளே போவதில்லை. ரத்தத்தில் கலப்பதில்லை. ஈரல், குடல் எதையும் தொடுவதில்லை. வாசல் திண்ணையில் உட்காருகிற ஆசாமி மாதிரி செவுளின் மேற்பரப்பில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அப்புறம் மீன் ஏன் சாகிறது?

தெருவில் கலாட்டா என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? கதவைச் சாத்துவோம். ஜன்னலைச் சாத்துவோம். பயம் அதிகமானால் பீரோவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். செவுளும் அதைத்தான் செய்கிறது. மேலே ஏதோ உறுத்துகிறதே என்று தோலைக் கனமாக்குகிறது. செல்களை மேலும் மேலும் அடுக்குகிறது. கோழையைப் பூசுகிறது. கடைசியில் தகடுகளுக்கு நடுவிலுள்ள சந்துகளெல்லாம் அடைபட்டு, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சீப்பாக இருந்த இழையின் நுனி உலக்கை முனை மாதிரி உருண்டுவிடுகிறது. திருடன் உள்ளே வரவில்லை. ஆனால் காற்றும் வரவில்லை. சுற்றிலும் ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மீன் மூச்சுத்திணறிச் சாகிறது.

கிருமிக்கு முறையாகப் பெயர் வைப்பதற்கு 1989 வரை ஆகிவிட்டது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வைத்தார்கள். ஃப்ளேவோபாக்டீரியம் பிராங்கியோஃபிலம். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பட்டம் மாதிரி நீளமாக இருந்தாலும் அர்த்தம் சுலபம்தான். முதல் பாதி மஞ்சள் நிறத்தைக் குறிக்கிறது. இரண்டாம் பாதிக்கு 'செவுள் பிரியன்' என்று பொருள். ரசிகர் மன்றம் வைக்கலாம்!

டேவிஸ் பார்த்த காலத்துக்கும் பெயர் வைத்ததற்கும் நடுவில் 63 வருஷம். ஏன் இவ்வளவு தாமதம் என்றால், இந்த ஆசாமியைப் பிடித்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது கஷ்டம். மற்ற கிருமிகள் விரும்பிச் சாப்பிடுகிற சத்தான குழம்பைக் கொடுத்தால் இது வளராது. நோஞ்சான் சாப்பாடுதான் பிடிக்கும், அதிலும் மெதுவாகத்தான் வளரும். அதனால் நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நோய்க்குக் காரணம் கிருமியா, அல்லது நெரிசலும் அழுக்குத் தண்ணீருமா? கனடாவில் குவெல்ஃப் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 1991-ல் தீர்ப்புச் சொன்னார்கள். ஆரோக்கியமான டிரவுட் இருக்கிற தண்ணீரில் இந்தக் கிருமியைக் கலந்தபோது நோய் வந்தது. ஆக, கிருமி குற்றவாளிதான். ஆனால் நெரிசலுக்கு விடுதலை கிடையாது. மீன்களை அடைத்து வைத்து, ஆக்ஸிஜன் குறைந்து, அம்மோனியா ஏறி, தின்னாத தீனி மக்கினால்தான் இது பெரிதாகப் பரவுகிறது. அதாவது, எங்கள் மேன்ஷன் தொட்டி!

லங்கணம் பரம ஔஷதம்

இப்போது அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். அதே குவெல்ஃப் கோஷ்டி, 1995-ல் வெளியிட்டது. ஒரே வயசு டிரவுட் குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிருமியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதிக்குத் தீனி போட்டார்கள். இன்னொரு பகுதியைப் பட்டினி போட்டார்கள்.

தீனி தின்ற மீன்கள் நோய் முற்றிச் செத்தன. பட்டினி கிடந்தவை பெரும்பாலும் தப்பித்துவிட்டன!

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் செக்ஷன் சீனியர் ரிடையர் ஆகி எங்கே இருக்கிறாரோ, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டால் ஜீரணிக்க வேண்டும். ஜீரணிக்க ஆக்ஸிஜன் வேண்டும். கல்யாணச் சாப்பாடு முடிந்து பந்தியிலிருந்து எழுந்திருக்கும்போது நமக்கே மூச்சு வாங்கவில்லையா? டிரவுட் தீனியில் பாதிக்குப் பாதி அளவு புரதம். புரதம் ஜீரணமானால் அம்மோனியா வரும். அது வெளியேற வேண்டிய வழியும் செவுள்தான். அடைபட்ட செவுளுக்கு அதிக ஆக்ஸிஜன் இழுக்கிற வேலையும், அதிக அம்மோனியா தள்ளுகிற வேலையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி அக்கவுன்ட்ஸ் செக்ஷனுக்குப் போய்ப் பாருங்கள், தெரியும்.

டிரவுட் குளிர் ரத்தப் பிராணி. சில நாள் சாப்பிடாவிட்டால் அதற்கு ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் பண்ணைக்காரருக்கு மனசு வர வேண்டுமே! நோஞ்சானாக நிற்கிற குஞ்சைப் பார்த்தால், 'ஐயோ பாவம், தெம்பில்லை, இன்னும் கொஞ்சம் போடுவோம்' என்றுதான் கை போகிறது. நம் வீட்டில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் பாட்டி செய்கிற அதே காரியம். அந்தக் கைப்பிடித் தீனிதான் ஆளை முடிக்கிறது. அனுபவஸ்தர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். தீனியை நிறுத்து. அடியில் கிடக்கிற வண்டலை வெளியேற்று. தண்ணீர் வரத்தைக் கூட்டு. நெரிசலைக் குறை. அதன் பிறகுதான் மருந்து.

மருந்து என்று பார்த்தால் டேவிஸ் காலத்தில் மயில்துத்தக் கரைசலில் மீனை முக்கி எடுத்தார்கள். உப்புத் தண்ணீர்க் குளியல் இன்றும் உண்டு. கோழையைக் கழற்றிவிடும், செலவும் குறைவு. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஹைட்ரஜன் பெராக்ஸைடை 2007-லும், க்ளோரமின்-டி என்ற குளோரின் குடும்பத்து மருந்தை 2014-லும் இந்த நோய்க்கென்றே அனுமதித்தது. க்ளோரமின்-டி-யின் அளவைக் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 12 முதல் 20 மில்லிகிராம், ஒரு மணி நேரம், மொத்தம் மூன்று தடவை. இதில் 'கூடப் போட்டா சீக்கிரம் கேக்கும்' என்கிற நம்மூர் வைத்தியம் செல்லாது. ஏற்கெனவே புண்பட்ட செவுளை மருந்தே சுட்டுவிடும். மருந்து தங்குவதற்காகத் தண்ணீரை நிறுத்துகிறபோது ஆக்ஸிஜன் இறங்கினாலும், நோயில் தப்பிய மீன் சிகிச்சையில் போய்விடும். இந்தியாவில் எதை, எவ்வளவு போடலாம் என்பதை மீன்துறை ஆட்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேட்டு அல்ல!

நல்ல சேதி ஒன்றும் உண்டு. காலத்தில் கவனித்துக் கிருமியை விரட்டிவிட்டால், செவுள் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஒட்டிய தகடுகள் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பிரியும். நகர்த்தி வைத்த பீரோவை நிதானமாக எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிற மாதிரி. க்யூவில் நின்ற குஞ்சுகள் மறுபடி துள்ளும்.

வில்லன் ஒருத்தன் மட்டுமா?

செவுள் வீங்கினால் எல்லாமே பாக்டீரியா வேலை என்று சொல்லிவிட முடியாது. 1940களில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் மாட்டு ஈரல் விலை கட்டுப்படியாகாமல், உலர்ந்த தீனி கலக்க ஆரம்பித்தபோது மீன்களின் செவுள் உருண்டு போனது. கிருமியைத் தேடினால் ஒன்றும் இல்லை! பான்டோதெனிக் அமிலம் என்ற பி குரூப் வைட்டமின் குறைவு. அதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஈரலில் அது தாராளமாக இருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் அமீபாக்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கடலில் கூண்டு கட்டி சால்மனும் டிரவுட்டும் வளர்க்க ஆரம்பித்த 1980களில், செவுளில் அமீபா உட்கார்ந்து பாடாய்ப் படுத்தியது. அது கடல் அமீபா. அதனால் நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஆற்றில் பிறந்த மீனுக்கு நல்ல தண்ணீர் பிறந்த வீடு. பார்த்தார்கள்... கடலுக்கு நடுவே பெரிய தொட்டியில் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் ரொப்பி, மீன்களை இரண்டு, மூன்று மணி நேரம் குளிப்பாட்டி எடுத்தார்கள். அமீபா கழன்றது. இன்றைக்கும் அதுதான் அங்கே முக்கிய வைத்தியம். நமக்கு இங்கே குடிக்கவே லாரித் தண்ணீர். அங்கே மீனுக்குக் கடல் நடுவே நல்ல தண்ணீர்க் குளியல். சரி, அது அவங்க ராசி.

மலைப்பண்ணைக்கு இதையெல்லாம்விட நித்திய எதிரி சேறு. மழை கொட்டினால் ஓடை காபி நிறத்தில் வரும். அந்த நுண்ணிய மண் துகள், உப்புத்தாள் மாதிரி செவுளைத் தேய்க்கும். தோல் கனக்கும். அதற்காகத்தான் தண்ணீர் உள்ளே வருமுன் மண் படிய ஒரு தனித் தொட்டி கட்டச் சொல்கிறார்கள். ஆனால் இயற்கை, தொட்டி சைஸைப் பார்த்து மழை பெய்வதில்லையே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. சென்னையில் ஒரு வருஷம் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! 2023 ஜூலையில் குலு பள்ளத்தாக்கில் பியாஸ் நதி பொங்கியபோது சேறு மட்டும் வரவில்லை. பல டிரவுட் பண்ணைகளைத் தொட்டியோடு, மீனோடு, குஞ்சோடு அடித்துக்கொண்டு போனது. கடனை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

மறுபடி கட்டியவர்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் தெளிய வேண்டும். பொரிப்பகத்திலிருந்து விரல் நீளக் குஞ்சு வாங்கி வந்து விட வேண்டும். தினமும் காலையில் வாளியோடு போய், குஞ்சுகள் துள்ளுகின்றனவா அல்லது க்யூவில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு தொட்டி இருக்கிறது. பையனுக்காக வாங்கியது. பெரிய தொட்டி, நாலே நாலு மீன். காற்றுக்குழாய் ராத்திரி பூரா கொடகொடவென்று ஓடுகிறது. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை, மீன்களுக்குக் கண்டிப்பாக விரதம் என்று சட்டம் போட்டிருக்கிறேன். பையன் அழுதான். குவெல்ஃப் பரிசோதனையை விளக்கமாகச் சொன்னேன். பட்டினி கிடந்த மீன் எப்படிப் பிழைத்தது, தின்ற மீன் எப்படி மூச்சு வாங்கியது, எல்லாம்.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மாடிப்படி ஏறினா உங்களுக்கும்தானே மூச்சு வாங்குது? இந்தச் சனிக்கிழமையிலேருந்து நீங்களும் மீனோட சேர்ந்துக்குங்க!"